பொம்மை வண்டியில் இல்லாத மூன்று

சிறுவர்களுக்கு எத்தனையோ வண்டிகள் பிடிக்கும். ஆனால் செக்கச் சிவந்த நிறமும், முதுகில் ஏணியும், ஓயாது ஒலிக்கும் மணியும் கொண்ட தீயணைப்பு வண்டிக்கு அவர்கள் உள்ளத்தில் தனி இடம் உண்டு. காரும் பேருந்தும் நாம் ஏறிச் சென்றால்தான் நமக்குப் பயன்படும். தீயணைப்பு வண்டியோ ஆபத்தில் இருப்பவரைத் தேடித் தானே ஓடி வருகிறது! எல்லோரும் விட்டு ஓடும் இடத்தை நோக்கி அது விரைகிறது. அந்த வீரம்தான் பிள்ளைகளைக் கவர்கிறது போலும்.

வட சென்னையில் வாழும் குடும்பங்களுக்கு இவ்வண்டி இன்னும் நெருக்கமானது. மண்ணடியில் தொடங்கி இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என நீளும் இப்பகுதியில் ஒருபுறம் துறைமுகம். மறுபுறம் எண்ணெய்த் தொட்டிகள், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையங்கள். இவற்றின் நடுவே, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இலட்சக்கணக்கான மக்கள். அந்த மணியோசை கேட்டால் அடுப்பங்கரையில் இருப்பவர்களும் ஒரு கணம் நின்று, 'எந்தப் பக்கம் போகிறது?' என்று செவிமடுப்பார்கள்.

நிசமான தீயணைப்பு வண்டியைப் பற்றியும், பிள்ளைகள் உருட்டி விளையாடும் சின்னஞ்சிறு பொம்மை வண்டியைப் பற்றியும் சேர்த்தே சிந்திப்போம். ஏனெனில் பொம்மையில் எல்லாம் இருக்கிறது. மூன்று பொருள்கள் மட்டும் இல்லை. அந்த மூன்றும் பல உயிர்களைக் காக்கக் கூடியவை.

பம்பு பிறந்த கதை

தீயணைப்பு வண்டியின் உயிர்நாடி அதன் பம்பு. தண்ணீரை அழுத்தி உயரே பீய்ச்சும் பம்பைக் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்ஸாந்திரியா நகரில் வாழ்ந்த கிடெசிபியஸ் என்ற கிரேக்க அறிஞர் உருவாக்கினார். பின்னர் முஸ்லிம் பொறியியல் அறிஞர்கள் பம்பின் நுட்பத்தை மேலும் வளர்த்தார்கள். தியார்பக்கிர் நகரில் அர்த்துகித் மன்னர்களிடம் பணிபுரிந்த அல் ஜஸரி, 1206-ஆம் ஆண்டில் நிறைவு செய்த தம் நூலில் இரட்டை உருளைப் பம்பு ஒன்றை விவரிக்கிறார். ஓர் உருளை நீரை உறிஞ்சும்போது எதிர்ப்புறத்து உருளை நீரை வெளியே தள்ளும். அதனால் நீரோட்டம் விட்டு விட்டு வராமல் தொடர்ந்து வரும். திமிஷ்கில் பிறந்த தகியுத்தீன் 1551-இல் எழுதிய நூலில் ஆறு உருளைகள் கொண்ட பம்பையே காண்கிறோம். இவர்கள் தீயணைப்பு வண்டி செய்யவில்லை. பாசனத்திற்கும் நகரங்களுக்கும் நீரேற்றவே பாடுபட்டார்கள். ஆயினும் நீரை இடைவிடாது செலுத்தும் அந்த நுட்பமே தீயணைப்புக்கும் அடிப்படை.

உஸ்மானியரின் தலைநகரான இஸ்தன்புல்லில் வீடுகள் பெரும்பாலும் மரத்தாலானவை. ஒரு வீட்டில் பற்றிய தீ பல தெருக்களைச் சாம்பலாக்கிய நிகழ்ச்சிகள் ஏராளம். அங்கே 1720-ஆம் ஆண்டில், இஸ்லாத்தைத் தழுவிய பிரெஞ்சுக்காரரான தாவூத் ஆகாவின் தலைமையில் 'துலும்பாஜிகள்' என்னும் தீயணைப்புப் படை அமைக்கப்பட்டது. துலும்பா என்றால் பம்பு. அதைத் தோளில் சுமந்துகொண்டு குறுகிய மேட்டுத் தெருக்களில் ஓடுவதே அவர்கள் வேலை. வண்டி நுழைய முடியாத சந்துகளில் மனிதர்களே வண்டியானார்கள்! தீ எங்கே என்று பார்த்துச் சொல்ல 1828-இல் பாயஸித் பகுதியில் உயர்ந்த கண்காணிப்புக் கோபுரம் ஒன்றும் எழுந்தது.

இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரிச்சர்ட் நியூஷம் என்பவரின் கைப்பம்பு வண்டிகள் புகழ்பெற்றன. 1829-இல் பிரெய்த்வெய்ட், எரிக்சன் ஆகியோர் நீராவியால் இயங்கும் பம்பை உருவாக்கினர். குதிரைகள் அதை இழுத்துச் சென்றன. 20-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் பெட்ரோல் இயந்திரம் வந்தது. குதிரைகள் ஓய்வு பெற்றன.

அந்தக் காலத்து வண்டி ஒன்றை நம் நாட்டிலேயே காணலாம். 1914-இல் இங்கிலாந்தின் ஜான் மாரிஸ் நிறுவனம் தயாரித்த தீயணைப்பு வண்டியொன்று ஹைதராபாத் நிஜாமின் அரசு இரயில்வேயில் பணிபுரிந்தது. இப்போது அது புது தில்லியிலுள்ள தேசிய இரயில் அருங்காட்சியகத்தின் செல்வம். பழைய கார்களின் அணிவகுப்பில் அது ஊர்வலம் வந்தபோதெல்லாம், பளபளக்கும் பணக்காரக் கார்களை விட்டுவிட்டு மக்கள் அதைச் சூழ்ந்துகொண்டனர்.

எம்டன் மூட்டிய தீ

சென்னை நகரத் தீயணைப்புப் படை 1908-ஆம் ஆண்டில் உருவானது. ஆறே ஆண்டுகளில் அதன் கண்முன் ஒரு பெருந்தீ மூண்டது. முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் மண்ணெண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. நகர மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறினர். யாருக்கும் அஞ்சாத கில்லாடியை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கம் தமிழில் அன்று தோன்றியதே!

எண்ணெய்த் தீ தண்ணீருக்கு எளிதில் அடங்காது. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஊற்றிய நீரின் மேலே மிதந்து கொண்டே எரியும். இதற்கு மாற்று கண்டவர் அலெக்ஸாந்தர் லோரான். எண்ணெய் வளம் மிக்க பாக்கு நகரில் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், அங்கே அடிக்கடி மூண்ட எண்ணெய்த் தீக்களைக் கண்டு ஆராய்ந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீயணைக்கும் நுரையை உருவாக்கினார். எரியும் எண்ணெயின்மீது நுரை போர்வைபோலப் படர்ந்து காற்றைத் தடுக்கிறது, காற்றில்லையேல் நெருப்பில்லை. சுத்திகரிப்பு ஆலைகளும் எண்ணெய்க் கிடங்குகளும் நுரை வண்டிகளைத் தனியே வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

திருவொற்றியூரும் எண்ணூரும்

தீயைப் பற்றிய கவலை வட சென்னைக்கு அதிகம் என்றால், தீயணைப்பு வண்டிக்கு அது தந்த கொடையும் அதிகம். 1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆலை அமைத்து ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கியது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. லாரிகளும் பேருந்துகளும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. நம் நாட்டுத் தீயணைப்பு வண்டிகள் பெரும்பாலும் அசோக் லேலண்ட், டாடா போன்ற நிறுவனங்களின் அடிச்சட்டத்தின்மீதே கட்டப்படுகின்றன. தண்ணீர்த் தொட்டி, பம்பு, குழாய்கள், ஏணி ஆகியவற்றை அதற்கென உள்ள பட்டறைகள் பொருத்துகின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலான தீயணைப்பு வண்டிகளில் சக்கரத்தை ஓட்டும் அதே இயந்திரமே பம்பையும் ஓட்டுகிறது. சம்பவ இடத்தில் வண்டி நின்றதும் ஓட்டுநர் இயந்திரத்தின் விசையைச் சக்கரத்திலிருந்து பம்புக்கு மாற்றுகிறார். அதன்பின் இயந்திரம் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் உறுமிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே ஓடுவது மட்டுமல்ல, நின்று உழைப்பதும் இவ்வண்டிக்குரிய இலக்கணம்!

எண்ணூருக்குத் தெற்கே திருவொற்றியூர். அங்கே 1946-இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு சிறு கொட்டகையில் தொழில் தொடங்கினார். என்ன தொழில் தெரியுமா? பிள்ளைகள் விளையாடும் பலூன் தயாரிப்பு! அந்தக் கொட்டகைதான் வளர்ந்து எம்.ஆர்.எஃப். என்ற மாபெரும் டயர் நிறுவனமாயிற்று. 1987-இல் அதே குழுமம் ஃபன்ஸ்கூல் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனத்தையும் தொடங்கியது. பொம்மைக்கும் கனரக வண்டிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், திருவொற்றியூர்க்காரர்கள் 'ஒரே தெரு' என்று பதில் சொல்லலாம்.

உள்ளங்கையில் ஒரு தீயணைப்பு வண்டி

பொம்மைத் தீயணைப்பு வண்டியின் வரலாறும் சுவையானதே. தொடக்கத்தில் ஜெர்மனியிலும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலும் தகரப் பொம்மைகள் செய்தார்கள். சாவி கொடுத்தால் ஓடும். பிற்காலத்தில் பேட்டரி போட்டால் மணியடிக்கும், விளக்கு சுழலும்.

உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும் சின்ன வண்டிகள் இங்கிலாந்தில் பெருகின. இலண்டனில் 1947-இல் தொடங்கப்பட்ட லெஸ்னி நிறுவனத்தின் ஜாக் ஓடெல்லுக்கு ஒரு மகள். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளை மட்டுமே பள்ளிக்குக் கொண்டு வரலாம் என்பது அவள் படித்த பள்ளியின் விதி. தந்தை தீப்பெட்டிக்குள் அடங்கும் ஒரு வண்டியைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து 1953-இல் பிறந்ததுதான் உலகப் புகழ்பெற்ற 'மேட்ச்பாக்ஸ்' வரிசை. அவ்வரிசையின் 9-ஆம் எண் வண்டி 1955-இல் வந்த டென்னிஸ் தீயணைப்பு வண்டி. தீப்பெட்டிக்குள் ஒரு தீயணைப்பு வண்டி, என்ன வேடிக்கை! 1960-இல் அந்நிறுவனம் குதிரை பூட்டிய பழைய ஷாண்ட் மேசன் தீயணைப்பு வண்டியின் மாதிரியையும் வெளியிட்டது. சேகரிப்போர் இன்றும் அதை ஆவலோடு தேடுகின்றனர்.

இந்தியாவும் பின்தங்கவில்லை. இங்கிலாந்தின் டிங்கி பொம்மைகளின் பழைய அச்சுகளைப் பெற்றுக் கல்கத்தாவில் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் உலோக வண்டிகள் வார்க்கப்பட்டன. இக்காலத்தில் தில்லியின் சென்டி நிறுவனம் நம் சாலைகளில் ஓடும் ஆட்டோ, அம்பாசிடர், அரசுப் பேருந்து ஆகியவற்றோடு தீயணைப்பு வண்டியையும் பிளாஸ்டிக்கில் செய்கிறது. பின்னுக்கு இழுத்து விட்டால் முன்னுக்கு ஓடும் இந்த வண்டிகளைப் பிள்ளைகள் மட்டுமல்ல, வேலைக்குச் செல்லும் இளைஞர்களும் வாங்கி அலமாரியில் அடுக்குகிறார்கள்.

நம் குடும்பங்களில் பொம்மைத் தீயணைப்பு வண்டிக்கு இன்னொரு வழியும் இருந்தது. சிங்கப்பூர், மலேசியா, பின்னாளில் சவூதி, துபாய் என்று சஃபர் சென்ற வாப்பாமார்கள் விடுமுறையில் திரும்பும்போது, துணிமணிக்கும் வாசனைத் திரவியத்துக்கும் இடையில் பத்திரமாகச் சுற்றி வைத்த ஒரு சிவப்பு வண்டியும் பெட்டியில் இருக்கும். சஃபர் செல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பர்மா பஜார் இருந்தது. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1960-களில் துறைமுகத்தின் எதிரே அமைந்த அந்தக் கடை வரிசையில் வெளிநாட்டுப் பொம்மைகள் கண்சிமிட்டும். பழைய பொம்மை வேண்டுவோர் மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். அந்த மூர் மார்க்கெட்டே 1985 மே 30 அன்று தீக்கிரையானது. பழைய நூல்களும் விளையாட்டுப் பொருள்களும் நிறைந்த, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அக்கட்டடம் அழிந்தது நகரத்தின் நினைவில் ஆறாத வடு.

சேகரிப்பவர்கள் பார்ப்பது என்ன? முதலில் அளவு விகிதம். 64-இல் ஒரு பங்கு என்றால், ஏழரை மீட்டர் நீளமுள்ள வண்டி ஏறத்தாழ 12 சென்டிமீட்டராகச் சுருங்கும். 43-இல் ஒரு பங்கு என்றால் 17 சென்டிமீட்டர். அடுத்தது முழுமை. ஏணி உடையாமலும், வண்ணம் உதிராமலும், வந்த அட்டைப் பெட்டியோடும் இருந்தால் மதிப்பு கூடும். பிள்ளைகள் ஆசை தீர உருட்டிய வண்டிக்குச் சந்தையில் விலை குறைவு. ஆனால் அந்த வீட்டில் அதற்கு விலையே இல்லை!

தாய்மார்களுக்கு ஒரு சொல். மிகப் பழைய பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளிடம் அவற்றைக் கொடுக்க வேண்டாம். பொத்தான் போன்ற சிறு பேட்டரிகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. 2021 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது, பார்த்து வாங்குங்கள்.

இல்லாதது ஒன்று: தண்ணீர்

இனி பொம்மை வண்டியில் இல்லாதவற்றுக்கு வருவோம். பொம்மையில் ஏணி உண்டு, குழாய் உண்டு, தலைக்கவசம் அணிந்த வீரர்கூட உண்டு. தண்ணீர் இல்லை. அதனால்தானோ என்னவோ, தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் தீ அணைந்துவிடும் என்று பெரியவர்களாகிய நாமும் நம்பிவிடுகிறோம்.

கணக்குப் பார்ப்போம். வழக்கமான தண்ணீர் வண்டியொன்றில் சுமார் 4,500 லிட்டர் நீர் இருக்கும். அதன் பம்பு நிமிடத்துக்கு 1,800 லிட்டர் செலுத்தும் ஆற்றல் கொண்டதென்றால், முழு வேகத்தில் இரண்டரை நிமிடத்தில் தொட்டி காலி! ஒரே குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் சிக்கனமாகச் செலவிட்டாலும் பத்து நிமிடம்தான். அதற்குள் அடுத்த வண்டி வர வேண்டும். அல்லது அருகிலேயே நீர்நிலை இருக்க வேண்டும்.

இங்கேதான் ஜமாஅத்துகளுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. தீயணைப்பு வண்டியின் பம்பு, உறிஞ்சு குழாய் வழியாகத் திறந்த தொட்டியிலிருந்தும் குளத்திலிருந்தும் நீரை எடுக்க வல்லது. ஏறத்தாழ ஏழு மீட்டர் ஆழம்வரை அதற்கு இயலும். பள்ளிவாசல் ஹவுளும், கோயில் குளமும், பெரிய குடியிருப்புகளின் நிலத்தடித் தொட்டியும் ஆபத்து வேளையில் ஊர் முழுவதற்கும் உதவும் நீர்நிலைகள். உங்கள் தெருவில் எங்கே நீர் உண்டு, வண்டி எவ்வளவு அருகே வர முடியும் என்று நிலைய அலுவலரிடம் முன்கூட்டியே தெரிவித்து வைத்தால் எவ்வளவு நன்று! ஒளூவுக்காகத் தேக்கிய நீர் ஓர் உயிரைக் காக்குமானால் அதைவிடச் சிறந்த பயன் ஏது?

இல்லாதது இரண்டு: வழி

பொம்மை வண்டி கட்டிலுக்கு அடியிலும் புகுந்து ஓடும். நிசமான வண்டிக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர், அதாவது எட்டடி அகலம். பக்கக் கதவுகளைத் திறந்து குழாய்களை இறக்க இன்னும் இடம் வேண்டும். மண்ணடியிலும் முத்தியால்பேட்டையிலும் இராயபுரத்திலும் உள்ள பல சந்துகளை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். இருபுறமும் இரு சக்கர வாகனங்கள். வீட்டு வாசலை நீட்டிக் கட்டிய படிகள். தலைக்கு மேல் தாழத் தொங்கும் கம்பிகள். திருமண நாளென்றால் தெருவை மறித்த பந்தல். தெருமுனையில் வண்டி நின்றுவிட, வீரர்கள் குழாயைத் தோளில் சுமந்து ஓட வேண்டியதுதான். 1720-இன் துலும்பாஜிகள் மீண்டும் வந்து விடுகிறார்கள்!

தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் சட்டம் சாலையில் ஓடுபவரைத்தான் பிடிக்கும். இரவில் தெருவை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு உறங்குபவரை அவருடைய மனச்சாட்சிதான் எழுப்ப வேண்டும். பாதையிலிருந்து இடையூறு தரும் பொருளை அகற்றுவதும் தர்மம் என்று கற்ற சமுதாயம் நாம் அல்லவா?

இல்லாதது மூன்று: செய்தி

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. எரிவது என்ன, உள்ளே இருப்பது என்ன, எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்ற செய்தி. அது கிடைக்காத வீரர் கண்ணைக் கட்டிக்கொண்டு போர்க்களம் புகுந்தவர் போன்றவர்.

1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா துறையில் நின்றிருந்த 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற கப்பலின் அடித்தளத்திலிருந்து புகை கிளம்பியது. பஞ்சுப் பொதிகளும், அவற்றுக்கு அருகே வெடிபொருள்களும் அதில் இருந்தன. கப்பலில் இருந்த வெடிபொருள் மட்டும் சுமார் 1,400 டன். வீரர்கள் நூற்றுக்கணக்கான டன் தண்ணீரைப் பாய்ச்சினர்; நெருப்பு அடங்கவில்லை. கப்பலை மூழ்கடிப்பதா, கடலுக்குள் இழுத்துச் செல்வதா என்ற முடிவு எட்டப்படாமலே நேரம் கரைந்தது. மாலை 4 மணி கடந்து சில நிமிடங்களில் கப்பல் வெடித்துச் சிதறியது. அரை மணி நேரத்துக்குள் மற்றொரு வெடிப்பு. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அவர்களுள் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீயணைப்போர் நாளாகவும், அதைத் தொடர்ந்த ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாகவும் கடைப்பிடிக்கப்படுகின்றன.

எழுபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூத் துறைமுகத்தில் ஒரு கிடங்கு எரிவதாக அழைப்பு வந்தது. பத்துப் பேர் கொண்ட தீயணைப்புக் குழு விரைந்தது. அங்கே 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கதவைத் திறக்க முயன்றுகொண்டிருந்தபோதே அது வெடித்தது. பத்துப் பேரில் ஒருவரும் திரும்பவில்லை. நகரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

அந்தச் செய்தி வந்த அதே வாரத்தில் நம் மணலியின் பெயர் நாளிதழ்களில் அடிபட்டது. 2015-இல் சுங்கத் துறை கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட், கொள்கலன்களில் அங்கே கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. பின்னர் அது ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. ஐந்தாண்டுகள் அதன் அருகே வாழ்ந்த குடும்பங்களுக்கு அதைப் பற்றித் தெரியாது! 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோதும், உறக்கத்திலிருந்து எழுந்த மக்கள் எது, எங்கிருந்து வருகிறது என்று அறியாமலேயே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தொழிற்சாலைகள் வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. நம் பிள்ளைகள் பலருக்கு அவையே சோறு போடுகின்றன. ஆனால் பக்கத்துச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது, ஆபத்து நேர்ந்தால் எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்று கேட்டறிவது குடியிருப்போரின் உரிமை. அதைக் கிடங்கின் வாசலில் எழுதி வைப்பதும், தீயணைப்பு நிலையத்திற்குத் தெரிவிப்பதும் உரிமையாளரின் கடமை. வீரர்களை அனுப்பும் சமுதாயம், அவர்கள் எங்கே நுழைகிறார்கள் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

வண்டி வரும் வரை

வீட்டில் நேரும் தீயில் முதல் சில நிமிடங்கள் நம்முடையவை. உறங்கச் செல்லும்முன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும், மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு எரிந்ததைக் கேள்வியுற்று நெருப்பைப் பகைவனாகக் கருதி எச்சரித்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. அன்றைய விளக்குத் திரியின் இடத்தில் இன்று சமையல் வாயுவும், கைப்பேசிச் சார்ஜரும், மாடிப்படியின் கீழ் இரவெல்லாம் மின்னேற்றப்படும் பேட்டரி ஸ்கூட்டரும் இருக்கின்றன.

வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, பொருத்தமான மூடியால் மூடுங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வாயு வாடை வந்தால் மின்விசையைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். துப்பட்டாவிலோ சேலையிலோ தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் விழுந்து புரள வேண்டும். தீப்புண்ணில் மாவும் மையும் பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம்.

திருமணப் பந்தலில் பிரியாணி தேக்சாக்களுக்கு மூட்டும் அடுப்பைத் துணிப் பந்தலிலிருந்து தள்ளியே வையுங்கள். அருகே மணல் வாளியும் தண்ணீரும் இருக்கட்டும். 1997 ஏப்ரல் 15 அன்று மினாவில் ஒரு சமையல் அடுப்பிலிருந்து பரவிய தீ ஏறத்தாழ 70,000 கூடாரங்களை அழித்தது. 343 ஹாஜிகள் ஷஹீதானார்கள். அதன் பின்னரே எளிதில் தீப்பற்றாத கண்ணாடி இழைக் கூடாரங்கள் மினாவில் எழுந்தன. ஓர் அடுப்பு கற்பித்த பாடம் அது!

101 அல்லது 112 எண்ணை அழைக்கும்போது பதறாமல் நான்கு விவரம் சொல்லுங்கள்: தெருப் பெயரும் அடையாளமும், எரியும் பொருள், உள்ளே சிக்கியோர், வண்டி எந்த வழியாக நுழையலாம் என்பது. பின்னர் ஒருவர் தெருமுனைக்குச் சென்று நின்று வழிகாட்டட்டும்.

இனி நீங்கள் பெருநாளுக்குப் பிள்ளைக்கு ஒரு சிவப்பு வண்டி வாங்கித் தருவீர்களானால், அத்துடன் ஒரு மாலைப் பொழுதையும் சேர்த்துக் கொடுங்கள். அவனை அல்லது அவளை அழைத்துக்கொண்டு உங்கள் தெருவில் நடங்கள். "இந்த வண்டி நம் வீட்டுக்கு எப்படி வரும்? எங்கே நிற்கும்? தண்ணீரை எங்கே எடுக்கும்? நாம் என்ன சொல்ல வேண்டும்?" என்று கேளுங்கள். மதரஸாப் பிள்ளைகளைத் தீத்தொண்டு வாரத்தில் அருகிலுள்ள நிலையத்துக்கு அழைத்துச் செல்ல ஜமாஅத்தார் ஏற்பாடு செய்யலாம். குழாயைப் பிடித்துப் பார்த்த பிள்ளை அதன் கனத்தை மறக்காது. வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தும் தன் வாப்பாவையும் அது கேள்வி கேட்காமல் விடாது!